கோட்டின் மேல்பாதி

மால்ஜாவுக்கு விரலை மடக்க முடியவில்லை. கடையைத் திறந்ததும் ஹீட்டரைப் போட்டு, அதன் முன்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். வலது கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கிப்போயிருந்தது. பெரிய கத்தரிக்கோலின் வளையம் வந்து அழுத்துகிற இடம் அது. அங்கே கிளம்புகிற வலி முழங்கையைத் தாண்டி, தோளைத் தாண்டி, கழுத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

போன வாரம் முழுக்க வெட்டியதன் பலன். வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தப்புச் செய்த கைக்கு வலிதானே கூலி.

கடை என்று பெயர்தான். சந்தைத் தெருவில் நூடுல்ஸ் கடைக்கும் சாவி செய்கிறவன் கடைக்கும் நடுவில் ஒரு சந்து. கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். ஒரு மெஷின், ஓரம் அடிக்கிற ஓவர்லாக் ஒன்று, ஓர் இஸ்திரி மேசை. உடம்புக்குச் சேராத உடுப்பைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பது தொழில். இந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவள் சியோல் நகரத்தின் புத்தி மாறுவதைப் பார்த்திருக்கிறாள். தொளதொளவென்ற கால்சட்டையைக் கொண்டுவந்து ஒல்லியாக்கித் தா என்றார்கள். ஒல்லியாக்கினாள். சில வருடம் போனதும் அதே ஆட்கள் அதே கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து அகலமாக்கித் தா என்றார்கள். வெட்டிக் குப்பையில் போட்ட துணிக்கு எங்கே போவது? திட்டிவிட்டுப் போனார்கள்.

அப்புறம்தான் வாத்துத்தூவி அடைத்த அந்தக் கறுப்பு நீளக் கோட்டு வந்தது. பள்ளிக்கூடம் விட்டால் தெரு முழுக்கக் கறுப்பு மெத்தைகள் எழுந்து நடந்து போகிற மாதிரி இருக்கும். கெண்டைக்கால் வரை தொங்க வேண்டும், கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். வாங்கித் தராத வீட்டில் பிள்ளைகள் சாப்பிடாமல் கிடந்தார்கள். பெற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார்கள். வாங்கி முடித்து மூச்சு விடுவதற்குள் இடுப்போடு நிற்கிற குட்டைக் கோட்டு வந்துவிட்டது. நீளத்தைப் போட்டால் கிண்டல். பிள்ளைகள் கழற்றி எறிந்தார்கள். குளிருக்கு இதமான பொருளை எறிய மனசில்லாமல் அம்மாக்கள் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். இப்போது அதிகாலைச் சந்தையில் மீன் விற்கிறவள், முள்ளங்கி விற்கிறவள், அவித்த சோளம் விற்கிறவள் எல்லார் உடம்பிலும் அதுதான். பிள்ளைகளுக்கு ஆசை செத்தால் அது அம்மாக்கள் மேல்தான் வந்து விழும்.

மால்ஜாவின் மகள் தாசோம் இதில் ஒரு பிழைப்பைப் பார்த்தாள். இலையுதிர்காலத்தில் அலுவலக வேலையை விட்டுவிட்டு வந்து, அப்பாவிடம் வசவு வாங்கிக்கொண்டு, பழைய நீளக் கோட்டுகளை மூட்டை மூட்டையாகச் சேர்த்தாள். அம்மா அவற்றை இடுப்பளவில் வெட்டி, கீழே எலாஸ்டிக் வைத்துத் தைப்பாள். மகள் போனில் படம் போட்டு விற்பாள். ஒவ்வொரு வியாழனும் கூரியர் வண்டி வரும். கடைக்குள் கால் வைக்க இடமில்லாமல் கறுப்பு மூட்டைகள் நின்றன.

அந்த மூட்டைகளுக்கு நடுவில்தான் பில்சுனின் கோட்டும் கிடந்தது.

பில்சுன் மால்ஜாவின் நாத்தனார், கணவருக்கு மூத்தவள். சந்தையின் அந்தக் கோடியில் மீன் கடை. ஜிப் போய்விட்டது, மாற்றிக் கொடு என்று பனி விழத் தொடங்கும் முன்பே கொடுத்துவிட்டுப் போனாள். சொந்தக்காரர் வேலை, கூலி கிடையாது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி அது மூட்டையின் அடிக்குப் போய்விட்டது. போன வியாழன் மால்ஜா அதை வெட்டிவிட்டாள். வெட்டியது விற்றும் போய்விட்டது.

இது இன்னும் யாருக்கும் தெரியாது.

போன் அடித்தது. பில்சுன்தான். நாளைக் காலையிலிருந்து கடும் குளிராம், தண்ணீர்க் குழாயெல்லாம் உறைந்துவிடும் என்று டிவியில் சொல்கிறார்களாம், மத்தியானம் வந்து கோட்டை வாங்கிக்கொள்கிறேன், முடிந்துவிட்டதில்லையா என்று கேட்டாள்.

"முடிஞ்சிருச்சு அண்ணி," என்றாள் மால்ஜா.

போனை வைத்த பிறகு அந்தச் சொல் வாய்க்குள்ளேயே நின்றது.

தாசோம் இரண்டு காகிதக் கோப்பையில் காபியோடு வந்தாள். வந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்து, அப்பாவோடு சண்டையா என்று கேட்டாள். இல்லை என்றாள் மால்ஜா. காபியை வாங்கி மெஷின் மேல் வைத்தாள். குடிக்கவில்லை. பிறகு சொன்னாள். உன் அத்தையின் கோட்டையும் சேர்த்து வெட்டி அனுப்பிவிட்டேன் என்று, துணிக் கணக்கு சொல்வதைப் போலச் சொன்னாள்.

தாசோம் தன் கோப்பையை இஸ்திரி மேசையில் வைத்தாள். எல்லாம் ஒரே கறுப்பு, உள்பக்கம் திருப்பிப் போட்டுச் சாக்பீஸால் கோடு போட்டால் யாருக்குத்தான் தெரியும், தவறுதலாக நடந்ததுதானே, அத்தை புரிந்துகொள்வாள் என்று அம்மாவைத் தேற்ற ஆரம்பித்தாள்.

"முதல் வெட்டுதான் தவறுதலா விழுந்துச்சு," என்றாள் மால்ஜா.

"என்னம்மா சொல்ற?"

"ஒரு சாண் வெட்டினதும் மீன் வாடை வந்துச்சு. திருப்பிப் பாத்தேன். உங்க அத்தையோடதுதான். அப்பவே நிறுத்தியிருந்தா ஒட்டுப்போட்டுத் தைச்சிருக்கலாம். நீ வாசல்ல கூரியர்காரன்கிட்ட, ஒண்ணே ஒண்ணு குறையுது, இதோ வந்துருதுன்னு சொல்லிட்டு இருந்த. மிச்சத்தைத் தெரிஞ்சுதான் வெட்டினேன்."

தாசோம் உட்கார்ந்தாள். உட்கார இடமில்லாததால் மூட்டையின் மேலேயே உட்கார்ந்தாள். அவளைக் கைக்குழந்தையாக முதுகில் கட்டிக்கொண்டு மீன் விற்றவள் பில்சுன். அந்த நாளில் மால்ஜா தையல் ஃபேக்டரியில் பகல் முழுக்க மெஷின் மிதித்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தாசோமின் துணியிலும் தலைமுடியிலும் கானாங்கெளுத்தி வாடை அடிக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் அது போனது.

அதிலும் அது வெறும் கோட்டு இல்லை, கித்தேயுடைய கோட்டு. பில்சுனின் ஒரே மகன் கித்தே, பள்ளி ஹேண்ட்பால் அணியில் கோல்காப்பாளனாக இருந்தவன். நீளக் கோட்டை அப்போது விளையாட்டுக்காரர்கள் மட்டும்தான் போடுவார்கள், மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போது உடம்பு விறைக்காமல் இருப்பதற்காக. போர்வையைச் சுற்றிக்கொண்டு எங்கே கிளம்பிவிட்டான் என்று தெருவே சிரித்தது. சிரித்த வீட்டுப் பிள்ளைகளெல்லாம் பிறகு அதையே கேட்டு அழுதார்கள். அவன் தோள்மூட்டு போய், ஆட்டத்தை விட்டு, அம்மாவோடு முகம் முறித்துக்கொண்டு, கோஜே தீவில் கப்பல் கட்டுகிற இடத்துக்கு வெல்டிங் வேலைக்குப் போனபோது கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து பில்சுன் போட்டுக்கொள்கிறாள்.

தாசோம் போனை எடுத்து அன்றைக்கு அனுப்பிய பட்டியலைப் பார்த்தாள். ஊர் ஊராகப் போயிருந்தது. எது யாரிடம் போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இருப்பதிலேயே நல்லதாக ஒரு நீளக் கோட்டை எடுத்துக் கொடுத்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள். கூட நானும் இருக்கிறேன் என்றாள்.

மால்ஜா எழுந்து மூலைக்குப் போனாள். வெட்டிய கீழ்ப்பாதிகளை அங்கே ஒரு பெரிய சாக்கில் திணித்து வைத்திருந்தாள். குப்பையில் போட்டால் தூவி தெருவெல்லாம் பறக்கும். கையை விட்டுத் துழாவினாள். மூக்கால்தான் தேடினாள் என்று சொல்ல வேண்டும். வெளியே வந்தது ஒரு கறுப்புப் பாவாடை மாதிரி. ஓரத்தில் மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. மீன் கடை வாசலில் தகர டப்பாவில் நெருப்புப் போடுவார்கள், அதில் பொறி தெறித்து விழுந்த ஓட்டைக்குக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

பிறகு மூட்டைகளைப் பிரித்தாள். தூவி நகராமல் குறுக்கே தைத்திருக்கிற மெத்தைவரி இதே அகலத்தில் ஓடுகிற கோட்டு எது என்று ஒவ்வொன்றாக இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்று பொருந்தியது. அதன் இடுப்புக்குக் கீழே வெட்டினாள்.

"அம்மா, வேணாம்."

"கதவைச் சாத்து. குளிருது."

மேலே யாரோ ஒரு பெண்ணின் கோட்டு, கீழே பில்சுனின் கோட்டு. மெத்தைவரியின் தையல் மேலேயே இணைப்புத் தையலை ஓட்டினாள். எங்கே சேர்த்தது என்று தடவிப் பார்த்தாலும் தெரியக்கூடாது. கழுத்திலிருந்து கீழ் ஓரம் வரை ஒரே புது ஜிப் வைத்தாள். ஜிப்பை மாற்றத்தானே கொடுத்தாள், புதிதாக இருந்தால் சந்தேகம் வராது. வீங்கிய விரல் ஒத்துழைக்கவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்துத் தள்ளித் தள்ளித் தைத்தாள். இந்தக் கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து காசு கொடுத்த எவருக்கும் அவள் இத்தனை சுத்தமாகத் தைத்துக் கொடுத்ததில்லை. அது அவளுக்கே தெரிந்தது.

தாசோம் உதவி செய்யவும் இல்லை, தடுக்கவும் இல்லை. காபி ஆறிப்போய் மேலே ஆடை கட்டியது.

பில்சுன் வந்தபோது கடைக்குள் முதலில் நுழைந்தது அவள் குரல்.

"தாசோம் அம்மா, உள்ள இடமிருக்கா? இல்ல நான் தெருவுலயே நின்னு ஐஸ்ல வச்ச மீன் ஆயிடணுமா?"

ரப்பர் பூட்ஸ், பிளாஸ்டிக் ஏப்ரன், அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே செத்துப்போன புருஷனின் மீன்பிடி ஜாக்கெட். கோட்டு இல்லாத குறைக்கு இருப்பதையெல்லாம் மாட்டியிருந்தாள். முழங்காலை மட்டும் எதாலும் மூட முடியவில்லை. ஸ்டூலில் உட்காரும்போது இரண்டு கையாலும் மேசையைப் பிடித்து, காலைக் கட்டை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு மெதுவாக இறங்கினாள். மால்ஜா அதைப் பார்க்காமலிருக்க நூல்கண்டைத் தேடினாள்.

கையோடு ஒரு பையும் கொண்டுவந்திருந்தாள். வயிறு திறந்து, உப்புத் தடவி, முள்ளெடுத்த கானாங்கெளுத்தி. வறுத்துத் தின்னுங்கள், உன் புருஷன் முள்ளென்றால் பயந்து சாவான் என்றாள். தம்பியைப் பற்றிய பழைய கிண்டல்களையெல்லாம் வரிசையாக எடுத்துவிட்டாள். பிறகு மூட்டைகளைச் சுற்றிலும் பார்த்தாள்.

"ஏண்டி தாசோம், பாதியை வெட்டிப்போட்டுட்டு மிச்சப் பாதியை முழுசு விலைக்கு விக்கிறியாமே. நான் மீனை நடுவுல நறுக்கிட்டு அந்த விலை சொன்னா என்னையத் தூக்கி வாளிக்குள்ள போடுவாங்க."

"மீனுக்கு ஸ்டைல் இல்லியே அத்தை," என்றாள் தாசோம். குரல் சரியாக வரவில்லை. பில்சுன் அதைக் கவனிக்காமல் சிரித்தாள்.

இன்னும் கொஞ்ச காலத்தில் இந்தக் குட்டையையும் எறிந்துவிட்டு நீளத்துக்கே வருவார்கள், அப்போது இந்த மேல்பாதிகளை நான் மலிவாக வாங்கிக் கடைப் பூனைக்குப் போடுகிறேன் என்றாள். வெந்நீர் கேட்டாள். குடித்தாள். கோட்டைக் கேட்டாள்.

மால்ஜா எடுத்துக் கொடுத்தாள்.

பில்சுன் நின்றபடியே மாட்டிக்கொண்டாள். ஜிப்பைக் கீழிருந்து மேலே இழுத்தாள். வழுக்கிக்கொண்டு போய்த் தாடையில் முட்டி நின்றது. முழங்காலுக்குக் கீழே வரை மூடியது. கண்ணை மூடிக்கொண்டு, உடம்பு தணிய ஒரு மூச்சு விட்டாள். கழுத்தோரத்தை மோந்து, என்ன இது, கல்யாணப் பெண் மாதிரி மணக்கிறது என்று கேட்டாள். துவைத்தேன் என்றாள் மால்ஜா.

அப்போது பில்சுனின் வலது கட்டைவிரல் இடது மார்புக்குப் போனது. துணியை மெல்லத் தேய்த்தது. அந்தப் பக்கம் தேய்த்தது, இந்தப் பக்கம் தேய்த்தது. தினமும் செய்கிற காரியத்தைக் கை தானாகச் செய்வது போல இருந்தது. பிறகு நின்றது.

"இங்க ஓட்டை இருக்குமே."

மால்ஜாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்த இடத்தில் வெள்ளை நூலில் கித்தேயின் பெயரும் அணியின் பெயரும் எம்பிராய்டரி போட்டிருந்தது. அவன் போன பிறகு, மீன் வாங்க வருகிறவர்களெல்லாம் அதைப் படித்துவிட்டு மகன் எங்கே, இப்போதும் ஆடுகிறானா என்று கேட்கிறார்கள் என்று, பில்சுன் ஒரு நாள் ஊசியை வைத்து ஒவ்வோர் இழையாகப் பிரித்தெடுத்துவிட்டாள். நூல் போய்விட்டது. ஊசி போன ஓட்டைகள் மட்டும் எழுத்தின் வடிவில் நின்றன.

"ஸ்டீம் வச்சு அழுத்தினேன் அண்ணி. மூடிக்கிச்சு."

"அப்படி மூடுமா?"

"மூடும்."

அந்தத் துணியில் விழுந்த ஓட்டை எந்தச் சூட்டிலும் மூடாது. தையல் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பில்சுனுக்குத் தையல் தெரியாது.

"உனக்குத் தெரியாததா," என்றாள் அவள். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஹீட்டரைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தாள்.

கித்தே போன் செய்தானாம். நேற்றுச் சாயங்காலம், மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது. முதலில் யாரோ என்று நினைத்து விலை சொல்லிவிட்டாளாம். வேலை முடிந்த பிறகு அங்கேயுள்ள சின்னப் பிள்ளைகளுக்கு ஹேண்ட்பால் சொல்லிக்கொடுக்கிறானாம். புத்தாண்டுக்கு வீட்டுக்கு வருகிறானாம். பேச்சோடு பேச்சாக, அந்தக் கோட்டு இருக்கிறதா, தூக்கிப் போட்டுவிட்டாயா என்று கேட்டானாம்.

"இருக்குடா, உன் மாமி கடையில பத்திரமா இருக்குன்னு சொன்னேன்."

தாசோம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதான் தாசோம் அம்மா, உங்கிட்ட ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன். அந்த ஓட்டை வழியாவே நூலைக் கோத்து, அவன் பேரைத் திரும்பப் போட்டுக் குடுக்க முடியுமான்னு. பிரிச்சது நானில்லையா. எனக்குப் படிப்பு போதாது, எழுத்து எப்படி இருந்துச்சுன்னு வரையத் தெரியாது. அந்த ஓட்டைக்குத்தான் தெரியும்."

மால்ஜா வாயைத் திறந்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும். சொல்ல நாக்கு எழுந்தும் விட்டது. அவள் முகத்தைப் பார்த்த பில்சுன் தப்பாகப் புரிந்துகொண்டாள். கையை நீட்டி மால்ஜாவின் வீங்கிய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். மீன் கடையின் ஐஸில் ஊறி ஊறி உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்ட கை.

"விடு. ஓட்டையா இருந்தா காத்து போகும், அண்ணிக்குக் குளிரும்னு நல்லதுக்குத்தான பண்ணின. கை வேற இப்படி வீங்கிக் கெடக்கு. இதோட எனக்குத் தைச்சிருக்க."

"ஓட்டை இல்லாட்டியும் கண் கணக்குலயே பேரைப் போட்டுர்றேன் அண்ணி," என்றாள் மால்ஜா. வேறு எதுவும் வரவில்லை.

புத்தாண்டுக்கு முன்னால் ஒரு நாள் கொண்டுவந்து தருகிறேன், இப்போது குளிருக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு, பில்சுன் மேசையைப் பிடித்து எழுந்தாள். காலை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

கதவு சாத்தியதும் தாசோம் போனை எடுத்தாள். வாங்கினவர்கள் எழுதிய கருத்துகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. போனை அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

தேகு நகரத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். நல்ல கதகதப்பு, லேசாகக் கடல் வாசனை வருகிறது, இடது மார்பில் ஊசி ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன, பழைய துணிக்கே உள்ள அழகு, ஐந்து நட்சத்திரம். கூடவே கண்ணாடி முன்னால் நின்று எடுத்த படம். கித்தேயின் கோட்டு இடுப்போடு நின்றது. அவளுக்கு நன்றாகவும் இருந்தது. கீழே இன்னொரு வரி: ஓட்டைகளை மறைக்க இந்த வாரம் ஒரு துணிப்பூ வாங்கித் தைக்கப் போகிறேன்.

தைக்காதீர்கள், தயவுசெய்து எங்களோடு பேசுங்கள் என்று தாசோம் தட்டி அனுப்பினாள். செய்தி போனது. அந்தப் பக்கம் இன்னும் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

"கெடச்சாலும் என்னம்மா பண்ணுவ? அத்தைகிட்டப் போயி அந்த ஓட்டையை எப்படிக் காட்டுவ? மூடிருச்சுன்னு சொல்லிட்ட."

மால்ஜா ஏப்ரனோடு தெருவுக்கு ஓடினாள். மேலே எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. மத்தியானச் சந்தை, நல்ல கூட்டம். முதுகு வளைந்த கறுப்பு நீளக் கோட்டுகள் வண்டிகளுக்குப் பின்னாலும் கூடைகளுக்குப் பின்னாலும் நின்றன. அவற்றுக்கு நடுவே குட்டைக் கோட்டுப் பெண்கள் இடுப்பு தெரிய, கையில் போனோடு போய்க்கொண்டிருந்தார்கள். எது பில்சுன் என்று பின்னாலிருந்து தெரியவில்லை. நொண்டுகிற காலை வைத்துக் கண்டுபிடித்தாள்.

"அண்ணி."

பில்சுன் திரும்பினாள். இத்தனை குளிரில் ஸ்வெட்டர்கூட இல்லாமல் எதற்கு ஓடிவருகிறாய் என்று அதட்டினாள். திரும்பியபோதும் அவள் கட்டைவிரல் இடது மார்பில்தான் இருந்தது, வழுவழுப்பான துணியில்.

மால்ஜாவுக்கு மூச்சு வாங்கியது. வாயிலிருந்து புகை மட்டும் வந்தது.

"முட்டி பத்திரம் அண்ணி. தரை வழுக்குது."

பில்சுன் தலையாட்டிவிட்டு நடந்தாள். கூட்டம் அவளை மூடிக்கொண்டது. மால்ஜா தெருவிலேயே நின்றாள். அவள் தைத்த ஜிப்பும், அவள் தைத்த பொய்யும் நாத்தனாரின் உடம்பில் போய்க்கொண்டிருந்தன. பில்சுனுக்கு அவள் தர வேண்டியது இன்னும் பாக்கி: மகனுடைய கோட்டின் மேல்பாதி, அதைத் தெரிந்தே வெட்டியது நான்தான் என்கிற ஒரு வார்த்தை.